போர் முடிந்தது, நஞ்சு முடியவில்லை

1999ஆம் ஆண்டு, தெற்கு வியட்நாமில் உள்ள பியன் ஹோவா என்னும் நகரில் 20 பேரிடமிருந்து இரத்தம் எடுக்கப்பட்டது. வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கத்தின் திட்டம் ஒன்றின் கீழ் எடுக்கப்பட்ட அந்த மாதிரிகளை உறைய வைத்து, உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அவற்றில் தேடப்பட்ட பொருள் டையாக்சின் என்னும் நஞ்சு. 20 பேரில் 19 பேருடைய இரத்தத்தில் அது அளவுக்கு மீறி இருந்தது.

பியன் ஹோவாவில் ஒரு பெரிய விமானத் தளம் உண்டு. வியட்நாம் போரின்போது அமெரிக்க விமானங்கள் இங்கிருந்துதான் நச்சு மருந்தை நிரப்பிக்கொண்டு போய்க் காடுகளின் மேல் தெளித்தன. 'அப்படியானால் அந்த ஊராரின் இரத்தத்தில் நஞ்சு இருப்பதில் என்ன வியப்பு?' என்று நீங்கள் கேட்கலாம். வியப்பு இருக்கிறது. மருந்து தெளிப்பது 1971லேயே நின்றுவிட்டது. இரத்தம் எடுத்ததோ அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பிறகு. நஞ்சு காணப்பட்டவர்களுள் தெளிப்பு நின்ற பிறகு பிறந்த பிள்ளைகளும் இருந்தார்கள். வேறு பகுதிகளிலிருந்து பின்னாளில் அங்கே குடிவந்தவர்களும் இருந்தார்கள்.

தான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன ஒரு தெளிப்பின் நஞ்சு, ஒரு பிள்ளையின் இரத்தத்துக்குள் எந்த வழியாக வந்தது? இந்தப் புதிருக்கு விடை காண நாம் முதலில் ஒரு சோயா மொச்சைச் செடியிடம் போகவேண்டும்.

இலை உதிர்த்த ஆராய்ச்சி

1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கால்ஸ்டன் என்ற இளைஞர் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சோயா மொச்சையைச் சீக்கிரம் பூக்க வைக்கவேண்டும் என்பது அவருடைய நோக்கம். அயோடின் கலந்த ஒரு சேர்மத்தைச் சிறிதளவு தெளித்தபோது செடி விரைவில் பூத்தது. அளவைக் கூட்டியபோது இலைகள் உதிர்ந்துவிட்டன. இரண்டாவது செய்தியையும் அவர் தம் ஆய்வேட்டில் நேர்மையாகக் குறித்து வைத்தார். உழவருக்கு உதவ நினைத்து எழுதிய அந்த ஏட்டை, பிற்பாடு இராணுவ ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு படித்தார்கள்.

வியட்நாமில் தெளிக்கப்பட்டது கால்ஸ்டனின் சேர்மம் அன்று. வேறு இரண்டு சேர்மங்கள். ஒன்று 2,4-டி, மற்றொன்று 2,4,5-டி. தாவரத்தின் உடலில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி இயற்கையாகவே சுரக்கிறது. எந்தப் பக்கம் வளைவது, எப்போது நீள்வது, எப்போது நிறுத்துவது என்பவற்றை மிக நுண்ணிய அளவிலேயே அது கட்டுப்படுத்துகிறது. மேற்சொன்ன இரண்டும் ஆக்சினைப் போல நடிக்கும் செயற்கைப் பொருள்கள். அகன்ற இலைத் தாவரங்களின் மேல் இவை பட்டால் செடி கட்டுக்கடங்காமல் வளர்ந்து, திருகி, தன்னைத் தானே தாங்கமுடியாமல் இலை கொட்டிச் சாகும். புல்லினங்களை இவை அவ்வளவாகத் தாக்குவதில்லை. அதனால்தான் 2,4-டி இன்றும் நம் நாட்டு நெல், கோதுமை வயல்களில் களைக்கொல்லியாகப் பயன்படுகிறது.

இவ்விரண்டையும் சரிபாதியாகக் கலந்து, சுமார் 208 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்களில் அடைத்தார்கள். அடையாளத்திற்காகப் பீப்பாயைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை. 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்ற பெயர் இப்படி வந்ததுதான். மருந்தின் நிறத்திற்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வெள்ளை, ஊதா, நீலம் என்று வேறு பட்டைகளும் இருந்தன. நீலப் பட்டைக்குள் ஆர்செனிக் சேர்மம் இருந்தது. அது நெற்பயிரைக் கொல்வதற்கு. எதிரிக்கு மறைவிடமும் கூடாது, சோறும் கூடாது என்பது திட்டம்.

இதில் யாரும் வேண்டுமென்றே சேர்க்காத ஒரு பொருள் இருந்தது. 2,4,5-டி தயாரிக்கும்போது வெப்பநிலை அளவு மீறினால், மூலப்பொருளின் இரண்டு மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று பிணைந்து டையாக்சின் உண்டாகிறது. அவசரம் கூடக்கூட அடுப்பின் சூடு கூடும். சூடு கூடக்கூட டையாக்சின் கூடும். போர்க்காலத்தில் அவசரத்துக்குக் குறைவா?

ஐந்து மூட்டை

1961 முதல் 1971 வரை தெளிக்கப்பட்ட களைக்கொல்லிகளின் மொத்த அளவு ஏறத்தாழ 7.7 கோடி லிட்டர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் ஸ்டெல்மன் குழுவினர், பழைய விமானப் பயணக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி 2003இல் வெளியிட்ட கணக்கு இது. சி-123 என்னும் சரக்கு விமானங்கள் தாழப் பறந்து, சுமார் 80 மீட்டர் அகலத்திற்கு ஒரு பட்டையாக மருந்தைக் கொட்டிக்கொண்டே போகும். நேரடியாக மருந்து விழுந்த குக்கிராமங்கள் மட்டும் 3,181. அவற்றில் அப்போது வாழ்ந்திருக்கக்கூடியவர்கள் 21 லட்சத்திலிருந்து 48 லட்சம் பேர்.

இவ்வளவு மருந்திலும் கலந்திருந்த டையாக்சின் எவ்வளவு? குறைந்தது 366 கிலோகிராம் என்கிறது அதே கணக்கு. நம் ஊர் நெல் மூட்டை 75 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஐந்து மூட்டைக்கும் சற்றுக் குறைவு. ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். இதை அரைக்கிற நூற்றாண்டு ஒரு நாடே அளந்துகொண்டும் அகற்றிக்கொண்டும் இருக்கிறது.

டையாக்சின் ஏன் இவ்வளவு கொடியது என்பதற்கு அதன் அளவையைப் பார்த்தாலே போதும். இதை லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கிறார்கள். 32,000 ஆண்டுகளை ஒரு பக்கமும் ஒரே ஒரு நொடியை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். அதுதான் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மருந்து தெளிக்கப்படாத ஹனோய் நகரில் 100 பேருடைய இரத்தத்தைக் கலந்து அளந்தபோது இந்த அளவையில் 2 பங்கு இருந்தது. பியன் ஹோவாவில் ஒருவருக்கு 271 இருந்தது. அதாவது 135 மடங்கு.

சேறு, மீன், வாத்து

இப்போது புதிருக்கு வருவோம். டையாக்சின் தண்ணீரில் கரைவதில்லை. இலையின் மேற்பரப்பில் கிடந்தால் சூரிய ஒளி அதைச் சில நாட்களுக்குள் சிதைத்துவிடும். ஆனால் மண்ணுக்குள் இறங்கிக் களிமண்ணையும் மக்கையும் பற்றிக்கொண்டால் வெயில் எட்டாது. பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும்.

1990களில் கனடா நாட்டு ஆய்வாளர்களும் வியட்நாம் விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆ லுவோய் பள்ளத்தாக்கின் மண்ணை ஆராய்ந்தார்கள். லாவோஸ் எல்லையை ஒட்டிய மலைப்பகுதி அது. மருந்து மழையாகப் பெய்த இடம். வானிலிருந்து மருந்து விழுந்த மண்ணில் டையாக்சின் மிகவும் குறைந்துபோயிருந்தது. ஆனால் ஆ சோ என்னும் இடத்தில், பழைய இராணுவ முகாம் இருந்த நிலத்தில் மட்டும் அது குவிந்து கிடந்தது. காரணம் எளிது. முகாம்களில்தான் பீப்பாய்களை உருட்டினார்கள், ஊற்றினார்கள், கழுவினார்கள், சிந்தினார்கள். பியன் ஹோவாவில் 1969 டிசம்பரிலிருந்து 1970 மார்ச் வரை ஏற்பட்ட ஒரு கசிவில் மட்டும் சுமார் 28,000 லிட்டர் மண்ணில் போயிற்று. காட்டை அழிக்கக் கொண்டுவந்த நஞ்சு, கொண்டுவந்து இறக்கிய இடத்திலேயே அதிகம் தங்கிவிட்டது.

மழை பெய்யும்போது அந்த மண் கரைந்து குளத்துக்கும் ஆற்றுக்கும் போகிறது. அடியில் சேறாகப் படிகிறது. சேற்றைத் துழாவும் புழுவையும் பூச்சியையும் மீன் தின்கிறது. டையாக்சின் தண்ணீருக்கு எவ்வளவு பகையோ அவ்வளவு கொழுப்புக்கு உறவு. ஆகவே தின்றவற்றின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகிறது. வாத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேற்றில் அலகை விட்டுச் சலித்துச் சாப்பிடுவதே அதன் தொழில். பியன் ஹோவாவில் வாங்கிய உணவுகளை ஆர்னால்டு ஷெக்டர் குழுவினர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவில், இரண்டு வாத்துகளில் 276, 331 என்று டையாக்சின் இருந்தது. சாதாரணமாக உணவில் 0.1கூட இருப்பதில்லை.

பிறகு பிறந்த பிள்ளைக்கும் புதிதாகக் குடிவந்தவருக்கும் நஞ்சு வந்த வழி இதுதான். வானத்திலிருந்து வரவில்லை; சாப்பாட்டுத் தட்டிலிருந்து வந்தது.

ஒரு கணக்கு போடுவோமா?

உடலுக்குள் நுழைந்த டையாக்சின் கொழுப்பில் ஒதுங்கி, மெல்ல மெல்லத்தான் வெளியேறுகிறது. அதில் பாதி வெளியேற 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும். இதையே அரை ஆயுள் என்கிறோம். எட்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டு, காகிதமும் பென்சிலும் எடுங்கள். 271 உடையவருக்கு இன்றோடு நஞ்சு வருவது அடியோடு நின்றுவிட்டது என்று கொள்வோம். 8 ஆண்டில் 135 ஆகும். 16 ஆண்டில் 68. பிறகு 34, 17, 8, 4. ஹனோய்க்காரரின் அளவான 2க்கு வர ஏழு முறை பாதியாகவேண்டும். ஏழெட்டு ஐம்பத்தாறு ஆண்டு!

இந்த நஞ்சு உயிரணுவுக்குள் போய் என்ன செய்கிறது? அங்கே ஒரு புரதம் பூட்டைப் போலக் காத்திருக்கிறது. டையாக்சின் சாவியைப் போல அதில் பொருந்திக்கொண்டு, இரண்டும் சேர்ந்து உட்கருவுக்குள் நுழைந்து, இயங்கக்கூடாத ஜீன்களை இயக்கிவிடுகின்றன. சாதாரணச் சாவி வேலை முடிந்ததும் சிதைந்துவிடும். இது சிதையாத சாவி. பூட்டு திறந்தபடியே இருக்கும். சிலவகைப் புற்றுநோய்களுக்கும் கடுமையான தோல் நோய்க்கும் டையாக்சின் காரணமாவது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

பிறவிக் குறைகள் பற்றித்தான் இன்றும் வழக்கு. 2,4,5-டி கொடுக்கப்பட்ட சுண்டெலிகளுக்குக் குறையுள்ள குட்டிகள் பிறந்தது 1969இல் வெளிவந்தது. கால்ஸ்டன் போன்ற விஞ்ஞானிகள் எழுப்பிய எதிர்ப்புக் குரலோடு இந்தச் செய்தியும் சேர்ந்துகொள்ள, 1970 ஏப்ரலில் அமெரிக்க அரசு அம்மருந்தை நிறுத்திவைத்தது. வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம், நஞ்சால் பாதிக்கப்பட்டோர் 30 லட்சம் பேர் வரை இருக்கலாம், அவர்களுள் ஒன்றரை லட்சம் பேர் குறையோடு பிறந்த பிள்ளைகள் என்கிறது. அமெரிக்க அரசு இந்த எண்ணை ஏற்கவில்லை. ஒரு குறிப்பிட்ட தாயின் உடலில் 1968இல் எவ்வளவு நஞ்சு இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. போர் நடக்கும் கிராமத்தில் பிறப்புப் பதிவேடு யார் எழுதினார்கள்? ஒரு மாதிரியை ஆராயும் செலவும் கொஞ்சமன்று. சான்று குறைவாக இருப்பதற்கும் பாதிப்பு இல்லாமல் இருப்பதற்கும் வேறுபாடு உண்டு. இந்த வேறுபாட்டை வழக்கு மன்றங்கள் பெரிதாகக் கொள்ளவில்லை. மருந்து தயாரித்தோர்மீது வியட்நாமியர் தொடுத்த வழக்கு 2005இல் நியூயார்க்கில் தள்ளுபடி ஆயிற்று.

கடல் தாண்டியவர்கள்

மண்ணோடு இருந்தவர்களின் கதை இது. மண்ணை விட்டுப் போனவர்களும் உண்டு. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்து போர் முடிந்தது. அந்த வாரங்களிலேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்கர்களோடு வெளியேறினார்கள். உண்மையான வெள்ளம் அதற்குப் பின்பே வந்தது. தோற்ற தரப்பில் இருந்தவர்கள், சீர்திருத்த முகாம்களுக்கு அஞ்சியவர்கள், வணிகம் பறிபோன சீன வம்சாவளியினர், வறுமையில் வாடியவர்கள் என்று எத்தனையோ பேர் மீன்பிடிப் படகுகளில் ஏறினார்கள். 1995 வரை படகில் அயல்நாட்டுக் கரை சேர்ந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம். புயலிலும் தாகத்திலும் கடற்கொள்ளையர் கையிலும் கரை காணாமலே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். மலேசியாவில் பூலாவ் பிடோங் என்றொரு குட்டித் தீவு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு. 1979ஆம் ஆண்டின் நடுவில் அதில் சுமார் 40,000 அகதிகள் நெருக்கியடித்துக் கொண்டிருந்தார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்சு போன்ற நாடுகளில் குடியேறினார்கள். தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு என்று மருத்துவரிடம் போனார்கள். சோதித்தால் உடலில் நோய் தெரியவில்லை. மனத்தைச் சோதிக்கலாமென்றால், அமெரிக்கருக்காக எழுதப்பட்ட கேள்விகளை மொழிபெயர்த்துக் கேட்டபோது சரியான விடை கிடைக்கவில்லை. துயரத்தைச் சொல்ல ஒவ்வொரு மொழிக்கும் தனிச் சொற்கள் உண்டல்லவா? ஆகவே ஓரிகன் மாநிலத்தில் டேவிட் கின்சி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வியட்நாமியர் தம் மொழியில் வழங்கும் சொற்களையே திரட்டி, 15 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கி 1982இல் வெளியிட்டார்கள். வெட்கமும் மானக்கேடும் பற்றிய கேள்வி அதில் ஒன்று. அமெரிக்கப் பட்டியலை எழுதியவருக்கு அது தோன்றியிருக்காது.

மனக்காயம் எத்தனை காலம் நிற்கும்? இதையும் அளந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் குடியேறி, சராசரியாகப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்த வியட்நாமியர் 1,161 பேரை ஆராய்ந்து, சக்கரி ஸ்டீல் என்பவரும் அவருடைய குழுவினரும் 2002இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குக் காலம் செல்லச் செல்ல நோய் குறைந்துகொண்டே வந்திருந்தது. இது ஆறுதலான செய்தி. அகதி என்றாலே ஆயுள் முழுதும் நோயாளி என்று எண்ணுவது தவறு. ஆனால் மூன்றுக்கு மேற்பட்ட கொடுமைகளைக் கண்டவர்களுக்குப் பத்து ஆண்டுகள் கடந்த பின்னும் மனநோயின் ஆபத்து தணியவில்லை.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வியட்நாமில் பணியாற்றிய அமெரிக்கப் படைவீரருக்கு டையாக்சின் தொடர்பான நோய் வந்தால் உதவித்தொகை தர 1991இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அதே காட்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று போரிட்ட தென் வியட்நாம் படைவீரர், பின்னர் அகதியாக அமெரிக்காவுக்கே வந்து குடியுரிமை பெற்றிருந்தாலும், அந்தச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. இருவர் உடலிலும் போனது ஒரே நஞ்சுதான்.

நட்டதும் வேலியிட்டதும் சுட்டதும்

தெற்கு வியட்நாமின் கண்டல் காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்துபோயிற்று. கடலோரச் சேற்றில் வாழும் இந்த மரங்கள் மருந்துக்கு மிகவும் நொய்ந்தவை. ஒரே தெளிப்பில் பட்டுப்போயின. சைகோனுக்குத் தெற்கே கான் ஜோ பகுதி வெறும் சேற்றுப் பாலையாகக் கிடந்தது. 1978இல் அங்கே மறுநடவு தொடங்கினார்கள். கா மாவ் முனையிலிருந்து படகு படகாக நாற்றுக் கொண்டுவந்தார்கள். நாற்று என்றா சொன்னேன்? இந்த மரத்தின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, சிறு முருங்கைக்காய் போல நீண்டுவிடும். அதைச் சேற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் போதும். நம் பிச்சாவரத்தில் சுரபுன்னை என்று சொல்லும் அதே இனம்தான். இடுப்பளவுச் சேற்றில் நின்று கையால் குத்திக் குத்தியே ஆயிரக்கணக்கான ஹெக்டேர் காட்டை மீட்டார்கள். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. ஒரே இன மரமாக நட்டதால் பழைய காட்டின் பலவகைமை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்பதும் உண்மை.

ஆ சோவில் வேறு வழி. நஞ்சு குவிந்த நிலத்தை உடனே சுத்தம் செய்யப் பணம் இல்லை. மாடு மேயாமலும் பிள்ளைகள் விளையாடாமலும் இருந்தால் போதும். கம்பிவேலி போட்டால் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பூங் தூ போய் என்ற வனவியலாளர், உடம்பெல்லாம் முள் நிறைந்த ஒரு மரத்தைச் சுற்றிலும் நட்டு உயிர்வேலி ஆக்கினார். அதன் காயை வியட்நாம் பெண்கள் ஊறவைத்துத் தலை தேய்த்துக் குளிப்பார்கள். நம் சீயக்காய் போல.

டா நாங் விமான நிலையத்தில் செய்ததோ பெரிய பொறியியல் வேலை. நஞ்சேறிய மண்ணைத் தோண்டிக் கான்கிரீட் சுவர்களுக்குள் குவித்து, மேலே மூடி, உள்ளே நூற்றுக்கணக்கான சூடேற்றும் குழாய்களைச் செருகினார்கள். மண்குவியல் முழுவதும் 335 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை வாரக்கணக்கில் சுட்டார்கள். அந்தச் சூட்டில் டையாக்சினில் பெரும்பகுதி அங்கேயே சிதைகிறது. ஆவியாகும் மிச்சத்தை உறிஞ்சி வடிகட்டிவிடுகிறார்கள். அமெரிக்க உதவியோடு 2012இல் தொடங்கி 2018இல் முடிந்த இந்த வேலையில் சுமார் 90,000 கன மீட்டர் மண் சுடப்பட்டது. ஒரு லாரிக்கு 6 கன மீட்டர் என்றால் 15,000 லாரி மண்! (வெடிக்காமல் புதைந்து கிடக்கும் குண்டுகளின் கதையை இங்கே தொடவில்லை. அரசுக் கணக்குப்படி 1975க்குப் பின் அவற்றால் மாண்டவர் சுமார் 40,000 பேர்; அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

நாம் தொடங்கிய பியன் ஹோவாவில் இருக்கும் நஞ்சு மண் இதைவிடப் பல மடங்கு. ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர். 2019இல் வேலை தொடங்கியது. பத்து ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தியபோது இந்த வேலையும் நின்றது. தோண்டிய குழிகள் திறந்து கிடந்தன. இன்னும் சில வாரங்களில் மழைக்காலம். மழை முந்திக்கொண்டால் அந்த மண் எங்கே போகும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்: குளத்துக்கு, சேற்றுக்கு, மீனுக்கு, வாத்துக்கு. நல்லவேளையாக மழைக்கு முன்பே பணம் விடுவிக்கப்பட்டு, ஆட்கள் மீண்டும் குழிக்குள் இறங்கினார்கள்.